கிராம் கணக்கில் நிறுக்கப்படும் நோய்

ஹெராயின் 5 கிராம் வரை இருந்தால் 'சிறிய அளவு'. 250 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு'. கஞ்சாவுக்கு இந்த எல்லைகள் 1 கிலோ, 20 கிலோ. மெத்தம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். பிடிபட்டவர் ஓராண்டுக்குள் வெளியே வருவாரா, பத்தாண்டுக்குக் குறையாமல் உள்ளே கிடப்பாரா என்பதை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் இந்த அட்டவணையைப் பார்த்தே முடிவுசெய்கிறது. சட்டம் பிறந்தபோது இந்தப் படிநிலை அதில் இல்லை. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டு என்றிருந்ததால், அடிமைப்பட்டவர்களும் கூலிக்குச் சுமந்தவர்களும் கடத்தல் முதலாளிக்கு எழுதிய தண்டனையை அனுபவித்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2001இல் நாடாளுமன்றம் அளவுவாரித் தண்டனையைக் கொண்டுவந்தது: பெருமளவில் கடத்துவோருக்குக் கடுமை, அடிமைப்பட்டவர்களுக்கும் சிறு குற்றம் செய்தவர்களுக்கும் தணிவு. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தராசிடம் ஒப்படைத்துவிட்டோம். பொட்டலத்தை வைத்திருப்பவர் அதில் காசு பார்ப்பவரா, அது இல்லாமல் ஒரு பகலைக் கடக்க முடியாதவரா என்பதைத் தராசு சொல்லாது. உட்கொள்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். விற்பவரை அவர் ஈட்டிய லாபத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்பாகச் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தராசின் கதை. தெருவில் கிடைக்கும் ஹெராயின் தூய சரக்கு அல்ல. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒரு பொடி கலக்கப்பட்டு வருவது. அந்தக் கலப்படத்தின் எடையையும் சேர்ப்பதா, உள்ளே இருக்கும் போதைப்பொருளை மட்டும் கணக்கிடுவதா என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்டது. தூய பொருளின் எடையையே பார்க்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவை முழுவதையும் நிறுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கலப்படம் செய்த சரக்குதான் உயிருக்கு இன்னும் ஆபத்தானது என்பது அமர்வின் வாதம். பொது நலம் என்ற கோணத்தில் அதில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். 10 கிராம் ஹெராயினை 300 கிராம் பொடியாகப் பெருக்கி வைத்திருப்பவர் குறைந்தது பத்தாண்டுச் சிறைக்கும் பிணை மறுப்புக்கும் உரியவர். 200 கிராம் தூய ஹெராயினைக் கலக்காமல் வைத்திருப்பவருக்கு அந்தக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. சங்கிலியில் மேலே போகப் போகத்தான் சரக்கு தூய்மையாக இருக்கும் என்பதை நினைத்தால், இந்தத் தராசின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முள் சாய்வது சட்டத்தின் வேறு பக்கங்களிலும் தெரியும். 27ஆம் பிரிவு உட்கொள்பவரைத் தண்டிக்கிறது: ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை. அதையடுத்து வரும் 27ஏ, கடத்தலுக்குப் பணம் போடுபவர்களைத் தண்டிக்கிறது: பத்து முதல் இருபது ஆண்டு. 2014 திருத்தத்தில் ஓர் உட்பிரிவின் எண் மாறியது. 27ஏ பிரிவில் அதற்கேற்ப மாற்ற மறந்துவிட்டார்கள். அதனால் பணம் போடுபவர்களுக்கு எதிரான பிரிவு, பொருத்தமே இல்லாத வேறோர் இடத்தைச் சுட்டிக்கொண்டு ஏழாண்டுகள் கிடந்தது. 2021இல் திரிபுரா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்து, அது சுட்டிக்காட்டிய பிறகுதான் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் போட்டுத் திருத்தியது. எழுத்துப் பிழை எங்கும் நேரும். ஆனால் உட்கொள்பவரைப் பிடிக்கும் பிரிவில் இப்படி ஓர் ஓட்டை விழுந்திருந்தால் ஏழு வாரத்துக்குள் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பிரிவு அன்றாடம் புழங்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளைச் சொந்தப் பயன்பாடு, கடத்தல் என்று பிரித்துத் தருகிறது. சொந்தப் பயன்பாடே பாதிக்கு மேல் வருவது வழக்கமாகிவிட்டது. அவசரச் சட்டம் வந்த அதே 2021 செப்டம்பரில்தான் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டால்க் பவுடர் என்ற பெயரில் வந்த ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அந்தச் சரக்குக்கு முன்னால் 5 கிராம் வழக்குகளை எத்தனை ஆயிரம் அடுக்கினாலும் ஈடாகாது.

சட்டத்தில் சிகிச்சைக்கு வாசலே இல்லை என்று சொன்னால் அது பொய். மூன்று வாசல்கள் உண்டு. சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்தே விலக்கு தருகிறது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. சிகிச்சை மையங்களை அமைக்க அரசுக்கு 71ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் பஞ்சாபின் சிறப்பு நீதிமன்றங்களில் 2013 முதல் 2015 வரை நடந்த வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தபோது, நீதிமன்றம் இந்தப் பிரிவுகளின்படி சிகிச்சைக்கு அனுப்பிய ஒருவரைக்கூடக் காண முடியவில்லை. போதையால் அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலம் என்று நாடே பேசிய மாநிலத்தின் நிலை இது. காரணம் தேடி அலைய வேண்டாம். பிடிபட்டவருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாது; சொல்ல வேண்டிய வக்கீலை அவர் பார்ப்பதற்குள் நாள்கள் ஓடிவிடுகின்றன; தான் அடிமை என்று ஒப்புக்கொள்வது தனக்கே எதிராகத் திரும்பும் என்ற பயம் வேறு. போதாக்குறைக்கு, சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் 64ஏ தந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விட்டு விட்டு மீண்டும் பற்றுவதே இந்த நோயின் இயல்பு. சர்க்கரை நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதிவிட்டு, அடுத்த முறை சர்க்கரை ஏறினால் ஜெயில் என்பது போன்றது இந்த நிபந்தனை. இந்தப் பிரிவால் விலக்கு பெற்றவர்களில் நாடறிந்தவர் ஓர் இந்தித் திரைப்பட நடிகர். பெரிய வக்கீல்களும் பெரிய மருத்துவமனையும் எட்டக்கூடிய இடத்தில் அவருக்கு இருந்தன.

இதை நோய் என்று சொல்வது மனிதாபிமானத்துக்காகச் சொல்லும் சலுகைப் பேச்சு அல்ல. நாடாளுமன்றமே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவும் ஆக்குகிறது. ஆக, ஒரே இளைஞன் ஒரு சட்டத்தில் உரிமையுள்ள நோயாளி, இன்னொரு சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றவாளி. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி, அவர்களில் உதவி தேவைப்படுவோர் 77 லட்சம். சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் எப்போதாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். (மது அடிமைகளை யாரும் கைதுசெய்வதில்லை என்பதையும், நம் தமிழ்நாட்டில் அந்த மதுவை விற்பது அரசுதான் என்பதையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சொல்லிவைக்க வேண்டும்.)

சிகிச்சை என்றால் நான்கு சுவருக்குள் தொண்ணூறு நாள் அடைத்து வைப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அபின் வகைப் பழக்கத்துக்கு அப்படித் தேவையில்லை. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; இறங்கியதும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, தாங்க முடியாத நாட்டம். அந்த வேதனைதான் மனிதனை அடுத்த பொட்டலத்துக்குத் துரத்துகிறது. புப்ரினார்பின் என்ற மாத்திரை மூளையின் அதே ஏற்பிகளில் போய் அமர்ந்து, ஒரு நாளைக்கு மேலும் நின்று, அந்த நாட்டத்தை அடக்குகிறது. அளவு கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் போதை ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதையும் மெத்தடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தையும் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாப் 2017 முதல் வெளிநோயாளி மையங்கள் வழியாக இதைக் கொடுத்துவருகிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் ஊசி போடுபவர்களுக்கு இதைக் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், புப்ரினார்பினும் அதே 1985 சட்டத்தின் பட்டியலில் இருக்கும் பொருள். எந்த மருந்துக் கடையிலும் சாதாரணமாக வாங்கிவிட முடியாது. கஞ்சாவுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் இதற்கு இணையான மருந்து இன்னும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஆலோசனையும் தொடர் கவனிப்பும்தான். கஞ்சா புகைப்பவர்களில் பலருக்குப் படுக்கையும் தேவையில்லை, ஜெயிலும் தேவையில்லை.

சரி, சிறைக்கு அனுப்பினால் குறைந்தபட்சம் பழக்கமாவது விட்டுப்போகுமே என்பார்கள். உள்ளே இருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைகிறது, நாட்டம் குறைவதில்லை. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுக்கிறார், மூச்சு நிற்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. இங்கிலாந்தில் சிறைக்குள்ளேயே மாற்று மருந்து பெற்று வெளியே வந்தவர்களிடம் முதல் மாத மரணங்கள் 75 விழுக்காடு குறைந்திருந்ததை 2017 ஆய்வு காட்டியது. சிறை மருத்துவமனையின் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இந்த விவாதத்தில் எல்லோரும் நழுவிப்போகும் இடம் ஒன்று உண்டு: சில்லறை விற்பனையாளர். 'அடிமைக்குச் சிகிச்சை, வியாபாரிக்குத் தண்டனை' என்று மேடையில் சொல்வது எளிது. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது? தெருமுனையில் நிற்பவருக்குப் பல நேரம் கூலி பணமாகக் கிடைப்பதில்லை, சரக்காகக் கிடைக்கிறது. சில பொட்டலங்களை விற்றுக் காசைக் கொடுத்தால் ஒன்று அவருக்கு. அவர் விற்பதற்குக் காரணமே அவருடைய பழக்கம். இப்படிப்பட்டவரைப் பிடிப்பது சுலபம், வழக்கு எண்ணிக்கை ஏறும், மறுநாள் அதே இடத்தில் இன்னொருவர் நிற்பார். சிறிய அளவைத் தாண்டிவிட்டால் 39ஆம் பிரிவும் 64ஏ பிரிவும் அவருக்குக் கிடையாது. போதாததற்குத் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் தன் பட்டியலில் வைத்திருப்பதால், விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கவும் வழியுண்டு. நான் முன்வைப்பது இதுதான்: பழக்கம் மருத்துவப் பரிசோதனையில் உறுதியாகி, வன்முறையோ சிறுவர்களுக்கு விற்றதோ இல்லாத நிலையில், நடுத்தர அளவு வரை இந்த இரு பிரிவுகளையும் நீட்டிக்க வேண்டும். அவர் வியாபாரியா என்பதற்கு எடையைவிட நம்பகமான சாட்சி பணம். வங்கிக் கணக்கு, வாங்கிய சொத்து, கைபேசிவழிப் பணப் பரிமாற்றம் எல்லாம் தடயம் விட்டுச் செல்பவை. கஞ்சா வழக்குகளில் வங்கிக் கணக்குகளை முடக்கும் வேலையைத் தமிழகக் காவல்துறை சில ஆண்டுகளாகச் செய்துவருகிறது. லாபத்தைத் தேடிப் பிடிக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. வீடும் வண்டியும் வாங்கியவரையும், விற்ற காசு அன்று இரவே நரம்பில் ஏறிவிட்டவரையும் ஒரே வாக்கியத்தில் தண்டிக்க வேண்டியதில்லை. நோயாளி வேஷம் போட்டு வியாபாரிகள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது: வேஷம் போடலாம், கணக்கை மறைப்பது கடினம்.

பயம் போய்விட்டால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது எளிதாக ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமல்ல. ஆனால் மரண தண்டனைவரை எழுதிவைத்திருக்கும் சட்டம் நாற்பதாண்டுகள் இருந்தும் மேலே சொன்ன கோடிகள் இருக்கின்றன. இறுக்கிய இடத்தில் அடங்கியது வேறு இடத்தில் தலையெடுப்பதையும் பார்க்கிறோம். டிராமடால் என்ற வலி நிவாரணி 2018இல் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தது; பிறகு தமிழ்நாட்டுக் காவல்துறை அதிகமாகப் பிடிக்கத் தொடங்கியது டேபென்டடால் மாத்திரைகளை. அதைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி அபாயமும் கூடச் சேர்ந்துகொண்டது. போர்ச்சுகலில் ஒரு கோடி மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஹெராயினில் சிக்கியிருந்த நிலையில், 2001 ஜூலை முதல் பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பது குற்ற வழக்காவது நின்றது. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மூவர் குழு ஒன்றின் முன் போகிறார். பழக்கம் முற்றியிருந்தால் சிகிச்சை. விற்பனை அங்கே இன்றும் குற்றம்தான். பயமுறுத்தியபடி நாடே போதையில் மூழ்கவில்லை. ஊசி வழியாகப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டி இருந்தது, பிற்பாடு சில பத்துகளாக இறங்கியது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைக் காட்டுபவர்களும் சரியான இடத்தில்தான் கைவைக்கிறார்கள். 2020இல் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரியில் சொந்தப் பயன்பாட்டைக் குற்றமற்றதாக்கினார்கள். 2024இல் சட்டமன்றமே அதைத் திரும்பப் பெற்றது. இடையில் நடந்தது என்ன? தண்டனை ஒரே நாளில் நின்றது. சிகிச்சைக்கான பணம் மையங்களைச் சென்றடையவே ஓராண்டுக்கு மேல் ஆனது. நூறு டாலர் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, தொலைபேசியில் ஆலோசனை கேட்டால் அது தள்ளுபடி என்றார்கள். அழைத்தவர்கள் மிகச் சொற்பம். அதே வேளையில் ஃபென்டனில் என்ற கடுமையான செயற்கைப் போதைப்பொருள் வந்து இறங்கியது. போர்ச்சுகலிலும் 2012க்குப் பிறகு நிதி சுருங்கி, பொறுப்பு சிதறியபோது போர்ட்டோ நகரத் தெருக்களில் பழைய காட்சிகள் திரும்பியதாகப் புகார்கள் எழுந்தன. வாசலைத் திறக்கும் முன் உள்ளே மருத்துவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதே இரண்டும் சொல்வது. அதனால்தான் 27ஆம் பிரிவை நாளையே நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை.

சிங்கப்பூரை முன்மாதிரியாகச் சொல்பவர்களுக்கும் பதில் வேண்டும், அதுவும் தமிழர்கள் சொல்லியாக வேண்டும். 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிச் சென்ற மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய நுண்ணறிவு அளவீடு 69. அடுத்த ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா, 1,017.9 கிராம் கஞ்சா வழக்கில். அந்தச் சரக்கைத் தன் கையால் அவர் தொட்டதாகக்கூட வழக்கு இல்லை. தொலைபேசி எண்கள்தான் முக்கியச் சாட்சி. ஒரு நகரமே நாடாகி, எல்லா வாசலிலும் காவல் வைக்க முடிந்த இடத்தின் கணக்கை, சுமார் 11,000 கிலோமீட்டர் கடற்கரையும் இருபுறமும் அபின் விளையும் பிரதேசங்களும் உள்ள நாட்டுக்குப் பொருத்த முடியாது. கயிற்றில் தொங்குபவர் கூலிக்குச் சுமந்த குருவி, அனுப்பியவர் அல்ல. சிங்கப்பூரே 2019இல் தன் சட்டத்தைத் திருத்தி, வேறு குற்றமின்றி உட்கொள்ள மட்டும் செய்தவர்களைக் குற்றப்பதிவு இல்லாமல் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறது என்பதை இங்கே பாராட்டுபவர்கள் யாரும் சொல்வதில்லை.

மறுவாழ்வு என்ற பெயரிலும் கவனம் வேண்டும். இலங்கையின் கந்தக்காடு மையம் ராணுவப் பொறுப்பில் நடந்தது. 2022 ஜூனில் அங்கே மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். கட்டாயத் தடுப்பு மையங்களை மூடச் சொல்லி ஐ.நா.வின் பன்னிரண்டு அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டுக்கொண்டன. நம் ஊரிலும் பதிவே இல்லாத தனியார் 'மீட்பு' இல்லங்களில் அடித்தே கொன்ற செய்திகள் வந்திருக்கின்றன. கம்பிக்குப் பதில் பூட்டு என்றால் அதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. சென்னையில் 1980இலேயே டாக்டர் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியின் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் முறையை வளர்த்திருக்கிறது. முன்மாதிரிக்கு அதிகத் தூரம் போக வேண்டியதில்லை.

நகையைத் திருடி, தாயை அடித்து, வீட்டையே நாசமாக்கியவனுக்கு இரக்கமா என்று கேட்கும் குடும்பங்களின் கோபம் நியாயமானது. திருட்டும் அடியும் குற்றம்தான். அவற்றுக்கான வழக்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் காவல் நிலையத்துக்குப் போனால் மகனுக்கு வழக்கு, போகாவிட்டால் தினமும் அடி என்ற இரண்டுக்கும் நடுவில் போக இன்று அவளுக்கு இடமில்லை. 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய மையங்கள் அந்த இடமாக முடியும், வட்ட அளவில் புப்ரினார்பின் கிடைத்தால். நாடாளுமன்றம் அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல. சிறிய அளவு வழக்கில் கைதாகும் ஒவ்வொருவருக்கும் 64ஏ பிரிவை எழுத்தில் தெரிவிக்கவும், முதல் நாளிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீலை அனுப்பவும் ஓர் அரசாணை போதும். திகார் சிறையில் கைதிகளுக்கு மாற்று மருந்து கொடுக்கும் ஏற்பாடு முன்பே இருக்கிறது. புழலிலும் பாளையங்கோட்டையிலும் அதைத் தொடங்க உரிமமும், மனநல மருத்துவரும், விடுதலையாகும் நாளில் கைதியின் மருந்துச் சீட்டை அவருடைய ஊர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் ஓர் எழுத்தரும் தேவை.